ஐந்தரை லட்சம் ரூபாய் ஆட்டப்பெட்டி! நினைப்பது ஒன்று, வந்து சேருவது ஒன்று

அமெரிக்காவில் சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எல்க் குரோவ் வில்லேஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. வில்லேஜ் என்றால் கிராமம். பெயரில்தான் கிராமம்! எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள்.

அங்கே ஒரு விசித்திரமான பொருளைச் செய்கிறார்கள். அது ஓர் ஆட்டப்பெட்டி. பெயர், பின்பால் எந்திரம்.

விலை என்ன தெரியுமா?

அந்த ஊரில் உள்ள ஸ்டெர்ன் கம்பெனி 2023-ம் ஆண்டில் தன் புதிய எந்திரங்களில் விலை குறைந்த ரகத்துக்கு வைத்த விலை 6,999 டாலர். அடுத்த ரகம் 9,699 டாலர். உயர்ந்த ரகம் 12,999 டாலர். ஒரு டாலருக்கு 80 ரூபாய் என்று கணக்குப் போட்டாலே, முதல் ரகம் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். உயர்ந்த ரகம் பத்து லட்சத்தைத் தாண்டும். வரியும் லாரி வாடகையும் தனி.

இது விளையாட்டுச் சாமானா, வீட்டு மனையா என்று கேட்கத் தோன்றும்!

இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வாங்குகிறவர்களும் உண்டு. வாங்கிய சில வாரங்களில் அவர்களில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது.

எந்திரம் மோசமானதா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் எதிர்பார்த்த பொருள் வேறு. அவ்வளவுதான்.

அது என்ன பெட்டி?

ஆணி அடித்த சாய்வுப் பலகையில் குண்டு விடும் விளையாட்டை நம் பிள்ளைகளும் ஆடியிருப்பார்கள். அதற்குப் பெரிய அண்ணன் இந்தப் பின்பால்.

நான்கு கால்கள் மேல் ஒரு நீளப் பெட்டி. உள்ளே ஒரு சாய்வுப் பலகை. மேலே கண்ணாடி. ஒரு நெல்லிக்காய் அளவு இரும்புக் குண்டு பலகையில் ஓடும். எடை சுமார் 80 கிராம். அது கம்பத்தில் மோதும், மேடையில் ஏறும், குழியில் விழும். மோதும் இடம் எல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும், மார்க்கு ஏறும். குண்டு கீழே வந்து விழுந்துவிடாதபடி, பொத்தானை அமுக்கி இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும்.

தட்டத் தவறினால் குண்டு போச்சு! பொதுவாக மூன்று குண்டுகள். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது.

1931-ம் ஆண்டில் காட்லீப் என்பவர் செய்த ‘பேஃபிள் பால்’ என்ற பெட்டியின் விலை பதினேழரை டாலர்தான். 50 ஆயிரத்துக்கு மேல் விற்றது. அப்போது துடுப்பு கிடையாது. துடுப்பு வைத்த முதல் பெட்டி 1947-ல் வந்தது. 1992-ல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ என்ற எந்திரம் 20 ஆயிரத்துக்கு மேல் விற்றுப் பெரும் பெயர் வாங்கியது.

அதற்குப் பிறகு இறங்குமுகம். டெலிவிஷனில் ஆடும் ஆட்டங்கள் வந்தன. பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1999-ல் பெரிய கம்பெனியான வில்லியம்ஸ் பின்பால் தொழிலையே மூடிவிட்டது. அதன் பிறகு பல வருடங்கள் இந்தத் தொழிலில் பேர் சொல்ல நின்றது ஸ்டெர்ன் ஒன்றுதான்.

செத்துவிட்டது என்று நினைத்த தொழில் மறுபடி எழுந்தது. எப்படி? சிறு வயதில் கடையில் காசு போட்டு ஆடிய பையன்கள் வளர்ந்து, சம்பாதித்து, வீடு கட்டினார்கள். ஆசைப்பட்ட பெட்டியை வீட்டுக்கே கொண்டுவர நினைத்தார்கள். ஜெர்சி ஜாக், ஸ்பூக்கி என்று புதுக் கம்பெனிகள் தோன்றின. 2020-ல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, வீட்டுக்கு எந்திரம் வேண்டும் என்று கேட்பவர் கூட்டம் இன்னும் பெருகியது.

கடைக்குப் பிறந்த பெட்டி

சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த எந்திரம் வீட்டுக்காகப் பிறந்தது அல்ல, கடைக்காகப் பிறந்தது. கடையில் அதற்கு ஒரு முதலாளி உண்டு. அவருக்கு ஒரு மெக்கானிக் உண்டு. மெக்கானிக் திருப்புளியோடு வருவார். பெட்டியைத் திறப்பார். தளர்ந்த திருகை முடுக்குவார். அறுந்த ரப்பர் வளையத்தை மாற்றுவார். காசை எடுத்துக்கொண்டு போவார்.

ஆடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. காசு போட்டோம், ஆடினோம், போனோம்!

அதே ஆள் எந்திரத்தை வீட்டுக்கு வாங்கினால் என்ன ஆகிறது? அவரே முதலாளி. அவரே மெக்கானிக்!

ஓர் எந்திரத்தில் சுமார் 3,500 உறுப்புகள் இருக்கின்றன. உள்ளே ஓடும் ஒயரை நீட்டினால் அரை மைல் நீளம் வரும். இவற்றைத் தொழிலாளிகள் கையால் பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டிய பெட்டிக்குள் ஓர் இரும்புக் குண்டு நாள் முழுதும் இடித்துக்கொண்டே இருக்கிறது. தன்னைத் தானே அடித்துக்கொள்வதுதான் இந்த எந்திரத்தின் வேலை!

குளிர்பெட்டி வாங்கினால் பத்து வருடம் திறந்து பார்க்க வேண்டாம். பின்பால் அப்படி அல்ல. தையல் எந்திரம் மாதிரி. எண்ணெய் விடவும் ஊசி மாற்றவும் தெரிந்தவர் வீட்டில்தான் அது ஒழுங்காக ஓடும்.

லாரி வந்து நின்றது

எந்திரம் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். குடும்பமே வாசலில் நிற்கிறது. லாரி வருகிறது. டிரைவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தெரு ஓரத்தில் இறக்கி வைக்கிறார். கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். போய்விடுகிறார்!

‘உள்ளே வைத்துக் கொடுக்க மாட்டாரா?’ என்றால், அதற்குத் தனியாகப் பேசித் தனியாகப் பணம் கொடுத்திருக்க வேண்டும். பெட்டியின் எடை 115 கிலோவுக்குக் குறையாது. படிக்கட்டு இருந்தால் இரண்டு ஆள் போதாது. இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

பிறகு கால்களைப் பூட்ட வேண்டும். மடக்கி வைத்த தலைப்பகுதியை நிமிர்த்திப் போல்ட் போட வேண்டும். பலகையின் சாய்வு சுமார் ஆறரை டிகிரி இருக்க வேண்டும். இடப் பக்கம், வலப் பக்கம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இங்கேயும் தேவை. மட்டம் தவறினால் குண்டு ஒரே பக்கமாக ஓடும். ‘எந்திரம் கோணல்’ என்று புகார் எழுதத் தோன்றும். கோணல் எந்திரத்தில் இல்லை; தரையில் இருக்கிறது!

இனி ஆட்டம். பெட்டியைத் திறந்த முதல் நாளே எல்லாம் சரியாக ஓடினால் அது அதிர்ஷ்டம். பல வீடுகளில் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒன்று நிற்கும். லாரியில் குலுங்கி வந்ததில் ஒரு பிளக் கழன்றிருக்கும். ஒரு சுவிட்சு குண்டு மேலே போனாலும் உணராது. ஒரு மேடையில் குண்டு ஏறாமல் பாதியில் திரும்பி வரும். பெட்டியின் அடியில் ஒரு திருகு உருண்டு கிடக்கும். எங்கிருந்து விழுந்தது? யாருக்கும் தெரியாது!

பதற வேண்டியதில்லை. இவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியை எடுத்துவிட்டு, பலகையைத் தூக்கிப் பார்த்து, அரை மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியவை. எந்த சுவிட்சு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எந்திரமே சோதித்துச் சொல்லும். கதவைத் திறந்தால் உள்ளே அதற்கென்று பொத்தான்கள் இருக்கின்றன. ஆனால் மின்சாரம் ஓடும் பெட்டி அது. கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலை நமக்கு வராது என்று நினைக்கிறவர், மெக்கானிக் யார், எந்த ஊரில் இருக்கிறார், வீட்டுக்கு வந்து போக என்ன கேட்பார் என்று விசாரித்துக்கொண்டு வாங்குவதுதான் புத்தி. விற்கும் ஏஜெண்டு பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. தூரத்து ஊரில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று ஓடியவர்கள், ஒரு சின்ன உறுப்புக்காக வாரக் கணக்கில் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கதைகள் ஏராளம்.

கியாரண்டி சீட்டு உண்டு. ஆனால் அதைப் பணம் கட்டிய பிறகு படிப்பதே வழக்கமாக இருக்கிறது! எந்த உறுப்புக்கு எத்தனை நாள், வேலைக் கூலி யார் பொறுப்பு என்பதை முன்னாலேயே கேட்க வேண்டும். பல கியாரண்டிகளில் உறுப்பு மட்டும் தபாலில் வரும். பூட்டுவது உங்கள் வேலை.

புதுப் பலகையில் குழி!

புதிதாக வாங்கியவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் பளபளப்பான பலகையில் சின்னச் சின்னப் பள்ளங்கள். நூறு ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டார்கள். நெஞ்சு துணுக்கென்கிறது.

இது குறை அல்ல. பலகை என்பது மரம். ஒட்டுப் பலகையின் மேல் படம் அச்சடித்து வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். மரத்தின் மேல் இரும்புக் குண்டு உயரத்திலிருந்து விழுந்தால் தடம் விழத்தான் செய்யும். ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆன பிறகு பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். பழைய எந்திரங்களும் இப்படித்தான் இருந்தன. கடையில் யாரும் குனிந்து பார்க்கவில்லை!

ஆனால் வார்னிஷ் உரிந்தாலோ, படம் பெயர்ந்து வந்தாலோ அது வேறு விஷயம். அது தொழிற்சாலைக் குறை. அப்போதே படம் பிடித்து ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சிலர் வீணாகச் சண்டை போடுகிறார்கள். சிலர் நியாயமான சண்டையைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பாதி வெந்த சோறு

இன்னொரு விஷயம். இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

இன்றைய எந்திரத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எதை அடித்தால் எத்தனை மார்க்கு, எப்போது எந்தப் பாட்டு, எந்தக் காட்சி என்று அதற்கு எழுதித் தரும் கட்டளைகளுக்குப் பெயர் புரோகிராம். பல எந்திரங்கள் புரோகிராம் முழுதும் எழுதி முடிவதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடுகின்றன! மிச்சத்தைப் பிறகு எழுதி அனுப்புகிறார்கள். வாங்கியவர் அதைத் தம் எந்திரத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

2016-ல் ஸ்டெர்ன் கம்பெனி ‘பேட்மேன் 66’ என்ற எந்திரத்தைக் கொண்டுவந்தது. வந்தபோது ஆட்டத்தில் பாதிக்குமேல் இல்லை என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். கம்பெனி மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியது. வருடக் கணக்கில் ஆனது. முடிவில் அது நல்ல ஆட்டம் என்று பேர் வாங்கியது என்னவோ உண்மை. ஆனால் முதல் நாள் வாங்கியவர் முழு விலை கொடுத்துக் காத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் முழு ஆட்டத்தையும் முதல் நாளே ஆடினார். யார் கெட்டிக்காரர்?

பெட்டியே வராத கதை

இதுவரை சொன்னது எந்திரம் வந்து சேர்ந்தவர்களின் கதை. பணம் கட்டியும் எந்திரம் வராதவர்கள் கதை வேறு.

மாதிரிக்கு ஓர் எந்திரம் செய்வது கெட்டிக்கார ஆள் நாலு பேரால் முடியும். அதைப் பொருட்காட்சியில் வைப்பார்கள். விளக்கு மின்னும். கூட்டம் கூடும். ‘முன்பணம் கட்டுங்கள், முதல் எந்திரம் உங்களுக்குத்தான்’ என்பார்கள். ஆனால் அதே மாதிரி இருநூறு எந்திரம் செய்வது வேறு தொழில். அதற்கு அச்சு வேண்டும், உறுப்புகள் மொத்தமாக வேண்டும், கொட்டகை வேண்டும், கூலி வேண்டும். சினிமாப் படத்தின் பெயரை வைத்தால் படக் கம்பெனிக்கும் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். இத்தனையையும் முன்பணத்தை வைத்தே சமாளிக்கப் பார்த்தால், பின்னால் கட்டியவர் பணம் முன்னால் கட்டியவர் எந்திரத்துக்குப் போகும். ஒரு நாள் பணம் தீர்ந்துவிடும்.

ஸ்கிட்-பி என்ற சிறு கம்பெனி ‘பிரடேட்டர்’ படத்தின் பெயரில் எந்திரம் செய்வதாகச் சொல்லி முன்பணம் வாங்கியது. படக் கம்பெனியிடம் அனுமதியே பெறவில்லை என்பது 2015-ல் வெளிவந்தது. கதை முடிந்தது. பணம் கட்டியவர்கள் திகைத்து நின்றார்கள்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஹைவே பின்பால் என்ற கம்பெனி ‘ஏலியன்’ படத்தின் பெயரில் எந்திரம் செய்தது. கொஞ்சம் செய்தும் அனுப்பியது. 2018-ல் கடையை மூடியது. மிச்சப் பேர் கட்டிய பணம்?

ஹாலந்தில் டச் பின்பால் கம்பெனியின் எந்திரத்துக்கு 8,500 டாலர் கட்டிவிட்டு ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. அந்தக் கம்பெனி பிறகு எழுந்து நின்று மறுபடி எந்திரம் செய்ய ஆரம்பித்தது. அவர்கள் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கதை டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. டீப்ரூட் என்ற நிறுவனம் முதலீடு என்ற பெயரில் பலரிடம் பணம் திரட்டியது. ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்களும் அதில் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பின்பால் கம்பெனிக்குப் போனது. வாடிக்கையாளர்களுக்கு எந்திரம் செய்து அனுப்பும் நிலையை அந்தக் கம்பெனி எட்டவே இல்லை. சுமார் 5 கோடியே 80 லட்சம் டாலர் திரட்டி மோசடி செய்ததாக 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் பங்குச் சந்தைக் கமிஷன் வழக்குத் தொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் நிறுவனம் திவால் ஆனது. ஆட்டப்பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களின் பென்ஷன் பணமும் அதில் போயிற்று!

முன்பணம் வாங்குகிறவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தில் பென்டன் என்ற சின்னஞ்சிறு ஊரில் ஒரு குடும்பம் நடத்தும் ஸ்பூக்கி கம்பெனி, 2020-ல் ‘ரிக் அண்டு மார்ட்டி’ என்ற எந்திரத்தை அறிவித்தது. 750 எந்திரங்களுக்கும் சில மணி நேரத்தில் ஆள் பதிந்துவிட்டார்கள். கம்பெனி சொன்னபடி செய்து அனுப்பியது. வித்தியாசம் என்ன? அவர்கள் ஏற்கனவே பல எந்திரம் செய்து, பெட்டியில் அடைத்து, ஊர் ஊருக்கு அனுப்பிக் காட்டியவர்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘மாதிரி எந்திரம் எப்படி இருக்கிறது?’ என்பது அல்ல. ‘இதற்கு முன் எத்தனை எந்திரம் அனுப்பியிருக்கிறீர்கள்?’ என்பதுதான்.

விலை ஏறுமா?

‘வாங்கிப் போட்டால் விலை ஏறும். நகை மாதிரி’ என்று சொல்லி மனைவியைச் சம்மதிக்க வைத்த கணவர்கள் அமெரிக்காவிலும் உண்டு!

அதற்குக் காரணமும் இருந்தது. கம்பெனிகள் சில ரகங்களைக் குறைந்த எண்ணிக்கையில் செய்து எண் போட்டு விற்கின்றன. 2021-ல் வந்த ‘காட்ஸில்லா’ எந்திரத்தின் உயர்ந்த ரகம் ஆயிரம்தான் செய்தார்கள். கொரோனா காலத்தில் சரக்கு இல்லை, கேட்பவர் கூட்டம் அதிகம். அப்போது சில எந்திரங்கள் வாங்கிய விலைக்கு மேலேயே கைமாறின. அதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பிறகு வாங்கியவர்கள் கை சுட்டுக்கொண்டார்கள். 2023 முதல் பழைய எந்திரங்களின் விலை இறங்கியது. வாங்கிய விலையில் பாதிப் பேச்சுக்குக்கூட ஆள் வராத எந்திரங்களும் உண்டு என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் புதிய எந்திரம் வாசல்படி ஏறிய உடனே விலை இறங்கும் என்று வைத்துக்கொண்டு வாங்குவதுதான் சரியான கணக்கு.

பிள்ளைகள் ஆடுவார்களா?

ஆடுவார்கள். முதல் வாரம் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஆடுவார்கள். பிறகு?

ஆட்டம் கடினமானது. அதுவும் கடைக்காகச் செய்த காரணத்தால்தான். சீக்கிரம் குண்டு விழுந்தால்தானே அடுத்த காசு வரும்? புதிதாக ஆடுகிறவருக்கு மூன்று குண்டும் மூன்று நிமிடத்தில் போய்விடும். பழக மாதக் கணக்கில் ஆகும்.

ஒரு காலத்தில் இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டம், சூதாட்டம் என்றுகூட நினைத்தார்கள். நியூயார்க் நகரில் 1942-ல் மேயர் லாகார்டியா காலத்தில் பின்பாலுக்குத் தடை போட்டார்கள். பெட்டிகளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகரசபையினர் முன் ஆடிக் காட்டினார். ‘இப்போது குண்டை நடு வழியில் விடுகிறேன்’ என்று சொல்லி அப்படியே விட்டார். இது திறமை ஆட்டம்தான் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள். அன்று குண்டு சரியாகப் போனதில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவரே பிற்பாடு சொல்லிச் சிரித்தார்!

வாங்குவதற்கு முன் அதே எந்திரம் இருக்கும் கடைக்குக் குடும்பத்தோடு நாலு தடவை போய்வர வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு அங்கே ஒரு டாலர் என்பது பல இடங்களில் வழக்கம். இருபது ஆட்டம் ஆடிய பிறகும் பிள்ளைகள் ‘இன்னொன்று’ என்று கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 6,999 டாலர் என்பது கடையில் 6,999 ஆட்டம். வீட்டில் தினம் ஐந்து ஆட்டம் தவறாமல் ஆடினாலும் அந்தக் கணக்கு நேர்பட நான்கு வருடம் பிடிக்கும்.

எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று எந்திரமே உள்ளே எண்ணி வைத்துக்கொள்கிறது. பழைய எந்திரம் வாங்க வருகிறவர் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார். அதனால் விற்கிறவர்களும் விளம்பரத்தில் அதைப் பெருமையாகப் போடுகிறார்கள். ‘வீட்டில் மட்டும் இருந்தது. 200 ஆட்டம்கூட ஆடவில்லை.’